முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில்

மக்களே,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய்த் தென்னைகளின் உச்சியைப் பார்த்தேன். கொஞ்ச காலமாகவே இது என் வழக்கம். துணி காயப்போட வெயில் பார்க்கப் போகிறேன் என்று உன் அப்பாவுக்கு நினைப்பு. காற்று பலமாக இருந்தால் விமானத்தைக் கிளப்ப மாட்டார்கள், எல்லாரும் தரையில் உட்கார்ந்து டீ குடிப்போம் என்று நீ ஒரு முறை போனில் சொன்னாய். அன்றிலிருந்து தேங்காய்ப்பட்டணத்துக் காற்றை வைத்து உன் பாலைவனத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள், இந்தக் காற்றுக்கும் அந்தக் காற்றுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதவளா? தெரிந்தேதான் ஏறிப் போகிறேன். மட்டை ஆடினால் நிம்மதியாக இறங்கி வந்து சாயா போடுவேன். இன்று ஒரு கீற்றுகூட அசையவில்லை. கடல் எண்ணெய் தடவினதுபோல் கிடந்தது. இப்படி ஒரு காலையைப் பார்த்தால் இந்தக் கரையில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும்தான் உன் விமானம் இந்நேரம் கிளம்பியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

நேற்றுப் பூசையில் உன் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில் இது முதலாவது. இங்கே நம் கோவிலிலும், குளச்சலில் நம் பெண் ஷைனியின் கோவிலிலும் வாசித்தாயிற்று. உன் பெயர், எங்கள் பெயர், பெண்ணின் பெயர், அவள் பெற்றோர் பெயர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை உண்டென்று அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஃபாதர் வாசித்தார். பிறந்ததிலிருந்து கேட்டுவரும் வரிதான். யாருடைய ஓலைக்கும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதுபோல் அது பாட்டுக்குப் போகும். நேற்று அந்த வரி என் பின்கழுத்தில் வந்து நின்றது. ஆண்கள் பக்கத்திலிருந்து உன் அப்பா தலையைத் திருப்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ரோசம்மா என் கன்னத்தைக் கிள்ளி, “ஏட்டி, மாமியாராவப் போற. மொகத்துல ஒரு சிரிப்ப வச்சா என்ன, கொறஞ்சா போவும்?” என்றாள். சிரித்தேன்.

நாம் பெண் வீட்டாரிடம் சொல்லியிருப்பது என்ன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மாப்பிள்ளைக்கு அங்கே ஏர்போர்ட்டில் ஸ்டோர் வேலை. நீ ஹோட்டல் வேலைக்கு என்றுதான் விமானம் ஏறினாய். பிறகு பாலைவனத்தில் குதிக்கிறவர்களின் கிளப்பில் பாராசூட் மடித்துக் கொடுக்கும் வேலைக்கு மாறினாய். மடித்த கை சும்மா இருக்குமா, குதிக்கவும் படித்தாய். இப்போது விருந்தாளிகள் குதிக்கும்போது தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் பறந்து படம் எடுக்கிறாய். இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நீ எதையும் மறைக்காத உன் மாமிக்குத் தெரியும். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் தெரியாது. “நானே சொல்லுவேன்மா, ஆனா கலியாணம் கழியட்டு. மொதல்ல என்னைத் தெரிஞ்சுக்கட்டு, பெறவு இதத் தெரிஞ்சுக்கட்டு,” என்றாய். அன்று தலையாட்டிவிட்டேன். இது இல்லாத நீ எந்த நீ என்று பிறகுதான் யோசித்தேன்.

கோவிலிலிருந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பாவிடம் கேட்டுவிட்டேன், நாமாவது போய்ச் சொல்லிவிடலாமா என்று.

“ஃபாதர் கேட்டது தடையை. ரத்த சொந்தமா, ஏற்கெனவே கெட்டுனவனா, அதுதான் தடை. பாராசூட்டு தடையின்னு எந்த வேதத்துல எழுதிக் கெடக்கு?”

“அவ என்னட்ட கேட்டா நான் என்னத்த சொல்ல?”

“கேக்காத காரியத்துக்கு எதுக்குப் பதிலு? பொண்ணு ஒருத்தி வந்தா அவன் தன்னால தரையில நிப்பான். நான் நிக்கலியா?”

“நீங்க கடல விட்டது எனக்காண்டியா, எனக்க அண்ணன் கடலோட போன பயத்துலயா?”

அவர் ஐஸ் கம்பெனி வரை போய்விட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் ஷைனி கூப்பிட்டாள். ஃபாதர் உன் வீட்டுப் பெயரைத் தப்பாக வாசித்ததும், அவள் தம்பி சத்தமாகத் திருத்தியதும், கோவிலே சிரித்ததும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, மக்களே. அதுதான் என் கஷ்டம். பிடிக்காத பெண்ணாக இருந்தால் பொய் இவ்வளவு கனக்காது. பேச்சுவாக்கில், “அம்மா, அவருக்க ஸ்டோர்ல என்ன சாமான்தான் இருக்கு? கேட்டா சிரிக்காரே தவிர சொல்லமாட்டேங்காரு,” என்றாள். நான், “துணி மக்களே. நைலான் துணி,” என்றேன். “அப்ப எனக்கு ஒரு கெட்டு கொண்டுவரச் சொல்லணும். சாயம் போவாதுல்லா?” என்று சிரித்தாள். போவாது என்றேன். பிறகு தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். நாகர்கோவிலில் அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் இப்போது எலும்பு முறிவு வார்டில் போட்டிருக்கிறார்களாம். “பைக்குல பறந்து கால ஒடிச்சிட்டு வந்து கெடக்கவன்மார்ட்ட நான் ஒண்ணுதான் கேப்பேன். வீட்டுல சொல்லிட்டா மக்கா இந்த வேகத்துல போன? பாதிப் பேரு முழிப்பான்மாரு.” போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்கவில்லை.

உன் அப்பாவைப்போல் நான் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கியவள் இல்லை. உனக்கே தெரியும். நீ விளக்கினதையெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஸ்கைப்பில் உன் அறையைக் காட்டினாயே, அன்று கூட இருந்தவர்கள் இருவரும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறார்கள். உங்களுக்கெல்லாம் மூத்தவர், பாறசாலைக்காரர் பினு. இன்னொருவன் முட்டத்துப் பையன் ரெமி. அவனும் பழம்தின்று கொட்டை போட்டவன்தான். நீங்கள் மூன்று பேரும் பாராசூட்டைக் குடை என்றே சொல்வீர்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

“அம்மா, பினு அண்ணனுக்க குடையப் பாத்தியளா?” என்றான் ரெமி. “அது குடையில்ல, கூடாரம். நாலு குடும்பம் பாய் விரிச்சுக் கெடக்கலாம்.”

“கெடக்கலாம்டே. ஒனக்க சாதனம் கைலேஞ்சில்லா? மூக்கத் தொடச்சா மிச்சம் இருக்காது,” என்றார் பினு.

நான்தான் விடாமல் கேட்டேன். பெரிய குடை மெதுவாக இறங்கும், ஆள் தப்பு செய்தாலும் கொஞ்சம் பொறுக்கும். சின்னக் குடை அம்பு மாதிரிப் போகும், தரைக்குப் பக்கத்தில் ஒரு விரல் கூடுதலாக இழுத்தாலும் பொறுக்காது என்று பினு சொன்னார். பிறகு பேச்சு ஒரு வார்ப்பட்டையில் வந்து நின்றது. முதல் குடை சிக்கிக்கொண்டால் அதைக் கழற்றி விட்டுவிட்டு முதுகிலிருக்கும் இரண்டாவது குடையை விரிக்க வேண்டும். முதலாவது கழன்று போகும்போதே இரண்டாவதன் பூட்டைத் தானாக இழுத்துவிட ஒரு சின்ன வார் உண்டு. ரெமி அதைக் கழற்றி வைத்திருந்தான்.

“சிக்குன குடை பம்பரமா சுத்தும்மா. கழத்தி விட்டதும் நான் தலைகீழா கெடப்பேன். அந்நேரம் ரெண்டாவது விரிஞ்சா அதும் எனக்க கால்லயோ கேமராவுலயோ சுத்திக்கிடும். ஒரு நொடி இருந்தா நேராயிட்டு நானே இழுப்பேன்.”

“அந்த ஒரு நொடி கையில உண்டுன்னு எல்லாவனும்தான் நெனப்பான்,” என்றார் பினு. “தரை கிட்ட வந்தப்பெறவு கழத்துனவனுக்கு நொடி எங்கோட்டு இருக்கு?”

“வார நம்பிக் குதிக்கவன் குதிக்கவே படாது.”

“வார நம்பி ஆருலே குதிச்சா? மறந்து போனா இழுக்கட்டும்னு கெடக்கு. சோறா கேக்கு அது?” பினு என் பக்கம் திரும்பினார். “அம்மே, குடை விரியாம செத்தவன் கொஞ்சம். நல்லா விரிஞ்ச குடைக்க அடியில போனவன்தான் கூடுதல். தரை பக்கத்துல வந்து, பாக்கவனுக்கு சினிமா காட்ட ஒரு திரும்பு திரும்புவான். அவ்வளவுதான்.”

நீ இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். யார் பக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் ரெமி பேசும்போதெல்லாம் நீ முன்னால் சாய்ந்தாய். பெற்றவளுக்கு அது போதும்.

அதே ரெமிதான் போன மாதம் தரைக்குப் பக்கத்தில் திரும்பினான். நீ என்னிடம் “சின்ன அடி” என்றாய். இடுப்பும் தொடையும் உடைந்து கம்பி வைத்திருக்கிறார்கள் என்று பினு சொல்லித்தான் தெரிந்தது. குடைக்கு ஒரு கீறல் இல்லையாம். அந்தக் குடையைத்தான், அந்தப் பையோடு, நீ வாங்குவதாக இருக்கிறாய். “குடைக்க தப்பில்லம்மா, அவன் தாழத் திரும்பிட்டான்,” என்றாய். வாரைத் திரும்ப மாட்டலாம். மாட்டப்போவதில்லை, கேமரா வைத்துப் பறக்கிறவர்களில் பலர் மாட்டுவதில்லை என்றாய். கல்யாண லீவுக்குப் புறப்படும் முன் அதில் கை பழகிவிட வேண்டும் என்றும் சொன்னாய். கல்யாணத்துக்கு முன் எல்லாரும் சட்டை தைப்பார்கள்.

உன் மாமாவைப் பற்றி உன்னிடம் நான் முழுவதும் பேசியதில்லை. சுனாமிக்குப் பிறகு நம் கரைக்கு எவ்வளவோ சாமான் வந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட்டும் வந்தது. படகுக்குப் படகு கொடுத்தார்கள். சின்னப் பையன்கள் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தார்கள். நாள்பட்ட கடல்காரர்கள் போடவில்லை. இடைஞ்சல் என்பதல்ல காரணம். போட்டால் புதுசாகக் கடலுக்குப் போகிறவன் மாதிரித் தெரியும். “ஜாக்கெட்டு போட்டா மீனு சிரிக்கும்” என்று உன் அப்பாவே சொல்வார். என் அண்ணன் அதைப் படகில் தலைக்கு வைத்துத் தூங்குவான். ஒரு காலையில் பொழிமுகத்தில், ஆறு கடலில் விழும் அந்த இடத்தில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு கவிழ்ந்தது. உன் அப்பாவும் அதே படகில் இருந்தார், நீந்தி வந்தார். அண்ணன் அவரைவிட நன்றாக நீந்துவான். ஜாக்கெட் தனியாக மிதந்து வந்தது. படகை அடுத்த மாதமே வேறு ஒருவர் வாங்கிப் புதுப் பெயிண்ட் அடித்துக் கடலில் இறக்கினார். படகின் தப்பில்லை என்றுதான் அவரும் சொன்னார்.

அதனால்தான் உன்னைக் கடல் பக்கமே விடாமல் படிக்க வைத்தோம். கடலில் போகாதவன் வானத்தில் போவான் என்று யாருக்குத் தெரியும்.

வேலை தெரிந்தவனுக்கு இருக்கும் பயம் இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. அவன் சாவுக்குப் பயப்படுவதைவிட, வேலை தெரியாதவன்போல் தெரிவதற்குத்தான் அதிகம் பயப்படுகிறான். பெரிய குடையோடு இறங்கினால் கூடாரம் என்பார்கள். வார் இருந்தால் கையில் நம்பிக்கை இல்லாதவன் என்பார்கள். நான் உன்னைக் குதிக்காதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கு எப்போது போயிற்று என்று தெரியாது, ஆனால் போயிற்று. டீச்சராக மட்டும் கேட்கிறேன். துணியின் பரப்பு குறைந்தால் வேகம் கூடும்; வேகம் இரண்டு மடங்கானால் தரையில் மோதும் ஆற்றல் நாலு மடங்கு. உன் இப்போதைய குடையில் குறுக்குக் காற்றில் இறங்கிப் பழகிவிட்டாயா? பிரேக் கயிற்றைப் பாதி இழுத்துப் பிடித்தபடியே திரும்பி வந்து இறங்க வருமா? தரை நெருங்கும்போது குறுக்கே ஒருவன் வந்தால் பக்கவாட்டில் சரியாமல் தட்டையாகத் திரும்ப வருமா? இதெல்லாம் வந்த பிறகுதான் அடுத்த அளவுக்கு இறங்க வேண்டும், அதுவும் ஒரு அளவுதான் இறங்க வேண்டும் என்று பினு சொன்னாரே, நீ நடுவில் எத்தனை அளவைத் தாண்டுகிறாய்? போன வாரம் டியூஷனில், விழுகிற பொருள் கடைசியில் எட்டும் முற்றுத் திசைவேகம் நடத்தினேன். வருடா வருடம் நடத்துவதுதான். “டீச்சர், பாராசூட்டு சின்னதா இருந்தா?” என்று ஒரு பெண் கேட்டாள். சாக்பீஸை வைத்துவிட்டு, தலைவலிக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.

இன்று காலை மாடியிலிருந்து இறங்கிய கையோடு உன் மாமி வீட்டுக்குப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது கொடுத்த வாக்கு வந்து முட்டுகிறது. மாமிக்கு மட்டும்தான் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஷைனியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் சொல்வாள் என நினைத்துப் போனேன். அவள் கையை நிறுத்தாமல், “சொல்லாத,” என்றாள்.

“ஏன் மைனி?”

“சொன்னா அந்தப் பொண்ணு போயிரும். நம்ம பயலுக்கு நல்ல பொண்ணு. விட்டுராத.”

“ஒனக்கு எல்லாம் தெரிஞ்சுதான அண்ணன கெட்டுன?”

“என்ன தெரியும்? கடல்ல போறவன்னு தெரியும். ஜாக்கெட்ட தலைக்கு வச்சு ஒறங்குகான்னு தெரியுமா? படகுல நடக்கது பொம்பளைக்கு எப்படித் தெரியும்? வீட்டுல ஆணியில அது தொங்கலன்னா, போட்டுட்டுப் போயிருக்கான்னு நெனச்சிட்டுக் கெடந்து ஒறங்குவேன். அடக்கம் கழிஞ்ச பெறவுதான் ஆம்பளைகள் சொன்னானுவ. ஒனக்க மாப்பிள்ளைக்கும் தெரியும். எல்லாவனுக்கும் தெரியும்.”

“முன்னாலயே தெரிஞ்சிருந்தா? விட்டுட்டுப் போயிருப்பியா?”

அப்போதுதான் அவள் கை நின்றது. “எங்க போவேன்? போவமாட்டேன். சண்டை போட்டிருப்பேன். கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் போட்டிருப்பேன்.” பிறகு ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். “அந்த சண்டையத்தான் எனக்குத் தராமப் போயிட்டானுவ.” அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, “ஆனா நீ சொல்லாத, கேட்டியா,” என்றாள் மறுபடியும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கடைசியாகச் சொன்னது என் காதில் இல்லை. அதற்கு முன்பு சொன்னதுதான் இருந்தது. நானும் அப்பாவும் உன்னோடு சண்டை போட்டு ஓய்ந்துவிட்டோம். அவர் பேசாமல் இருந்தே தோற்றார். நான் உன் குடையையும் வாரையும் படித்துப் படித்து, புரிந்துகொண்டவள் ஆகித் தோற்றேன். உன்னோடு முழுப் பலத்தோடு சண்டை போட இனி இருப்பவள் ஒருத்திதான். அவளுக்கு எது எதற்காகச் சண்டை போட வேண்டும் என்றுகூடத் தெரியாதபடி கண்ணைக் கட்டி, மாலை போட்டு, நம் வீட்டுக்குள் கூட்டி வரப் பார்க்கிறோம். உள்ளே வந்த பிறகு அவளுக்கும், எழுந்திருக்க முடியாமல் நேற்று நான் கிடந்த அந்த நாற்காலிதான். நானாவது உன்னை இருபது வருஷம் வளர்த்த பிறகுதான் அதில் வந்து உட்கார்ந்தேன்.

நாளை ஷைனிக்குக் காலை டியூட்டி, மத்தியானம் முடியும். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நாகர்கோவில் பஸ் ஏறப்போகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டு, எங்காவது ஒரு டீக்கடையில் உட்கார வைத்து, நீ என்ன வேலை செய்கிறாய், என்ன குடையில் குதிக்கிறாய், எந்தக் குடைக்கு மாறப் போகிறாய், ரெமிக்கு என்ன ஆயிற்று, எந்த வாரை மாட்ட மாட்டேன் என்கிறாய், எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்லப் போகிறேன். நீ எவ்வளவு நன்றாகப் பறக்கிறாய் என்பதையும் சொல்வேன். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. கட்டிக்கொள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். சண்டை போடுவதென்றால் உன் நம்பர் அவளிடம் இருக்கிறது. வேண்டாம் என்று அவள் சொன்னால், அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று நம் ஃபாதரிடம் போய்ச் சொல்லப் போவதும் நான்தான். அப்பாவை அனுப்ப மாட்டேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நாளை சாயங்காலம், அவளைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் உனக்கு அனுப்புவேன். முன்னால் அனுப்பினால் நீ கூப்பிடுவாய். உன் குரலைக் கேட்டால் நான் பஸ் ஏற மாட்டேன்.

அம்மா